போச்சு என்றால் என்ன போச்சு

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு டாக்டர் குடியிருக்கிறார். குடிவந்த புதிதில் கீழ்வீட்டுத் தையல்காரர் முழங்கால் வலியோடு ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். "நான் அந்த டாக்டர் இல்லீங்க, கம்பியில ஆராய்ச்சி பண்றவ" என்று பதில் வந்தது. தையல்காரர் இறங்கிப் போய்ச் செய்தியைச் சொல்ல, முதல் மாடிக்காரர் ஓடாத மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "அந்தக் கம்பியும் இல்லீங்க." முழங்காலுக்கும் ஆகாமல் மின்விசிறிக்கும் ஆகாமல் இத்தனை வருஷம் எதைத்தான் படித்தார் என்று கட்டடமே கொஞ்ச நாள் கவலைப்பட்டது. பிறகு கம்பி டாக்டர் என்று பேர் வைத்துவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எனக்கு எதிர்வீடு. அப்படிப் போய்விட முடியுமா? எங்கள் இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட ஒரு சந்துப் பக்கம் திறக்கும். கட்டியவர் எந்த நம்பிக்கையில் விட்டாரோ, அந்தச் சந்தில் வெளிச்சம் வந்து நான் பார்த்ததில்லை. பேச்சு நன்றாக வரும்.

அந்த வீட்டில் அப்போது மூன்று பேர். டாக்டர், அவர் கணவர், கணவரின் தம்பி. கணவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். ஒல்லியான பையன், முப்பதைத் தொடும் வயது, அண்ணியின் ஆய்வுக்கூடத்திலேயே அவனுக்கும் வேலை. காலையில் அண்ணியும் கொழுந்தனும் ஒரே பஸ்ஸில் போவார்கள், சாயங்காலம் அதே சண்டையைத் தொடர்ந்துகொண்டே வருவார்கள். சண்டை என்றால் அணுவைப் பற்றிய சண்டை. பக்கத்தில் நின்று கேட்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால்தான் ஒருநாள் லிஃப்ட் ரிப்பேரானபோது, காய்கறிப் பையோடு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டாக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படி என்னதாம்மா பண்றீங்க அங்க?"

"ரெண்டு தொட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்கக்கா. தண்ணிக்குப் பதிலா அணு. ரொம்ப ரொம்பக் குளிர வெச்ச அணு."

"நடுவுல குழாயா?"

"குழாய் மாதிரி. ஆனா வெளிச்சத்தாலயே கட்டினது. அவ்வளவு ஒல்லி. ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான் போக முடியும். அதைத்தான் குவாண்டம் கம்பிங்கறோம்."

"நம்ம நடைவழி மாதிரின்னு சொல்லுங்க." எங்கள் மாடி நடைவழியில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான். இப்ப அந்த நடைவழி நடுவுல, உங்க கதவு மாதிரி, ஒரே ஒரு இடத்துல ஊசிமுனை அளவுக்கு இன்னொரு வெளிச்சம் போடறோம். அதுல மாட்டின அணு காலி. வெளிய தூக்கி எறிஞ்சிடும். இந்தத் தொட்டியிலயும் இல்ல, அந்தத் தொட்டியிலயும் இல்ல. அப்படி ஒரு துளை இருந்தா, ஓட்டம் எவ்வளவு குறையும்? அதுதான் கேள்வி."

"அது சரி, ஏன் என் கதவு?"

அவர் காய்கறிப் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "இதுல ஒரு வேடிக்கை என்னன்னாக்கா, அந்த ஊசி வெளிச்சத்தை ரொம்ப பலமாக்கினா, தொலையற அணு கூடாது. குறையும்."

"பலமாக்கினா குறையுமா? என்னம்மா இது தலைகீழா இருக்கு?"

"அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் போயிடும். கணக்குல அப்படித்தான் வருது. நாங்க இன்னும் அவ்வளவு தூரம் கூட்டிப் பாக்கல."

ஆனால் பாதி தூரம் கூட்டிப் பார்த்ததிலேயே அவருக்குப் பேர் கிடைத்துவிட்டது. துளை போட்டால் ஓட்டம் குறையும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இவர் அளந்து பார்த்ததில் குறையவே இல்லை. குளிர்ந்த அணுக்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து போவதால் துளையைத் தாக்குப்பிடிக்கின்றன என்று விளக்கமும் கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்துப்போயிற்று. அவர் வேலை பார்க்கும் இடத்தில் வாசலிலேயே அவர் படத்தை மாட்டினார்கள். ஒரு பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்த அரைப்பக்கத்தை அட்டையில் ஒட்டிக் கடை மேசையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் கிட்டப்பார்வைக்கு அதைத்தான் படித்துக் காட்ட வேண்டும். "எழுத்து தெரியுதா? தெளிவா இருக்கா? யாரைப் பத்திப் போட்டிருக்கு, சொல்லுங்க பாக்கலாம்!" நானும் படித்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, விஷயம் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

இந்தப் பெருமைக்கு நடுவில்தான் சின்னவன் வேலையை விட்டான். கடைவீதிக்கு அப்பால் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கப் போனான். சிநேகிதன் ஒருவனோடு அறை எடுத்துக்கொண்டு வீட்டையும் விட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வருவான்.

என்ன காரணம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உண்மையைக் கண்ணாடிக்கடைக்காரர்தான் சொன்னார். அதுவும் சிரித்துக்கொண்டே.

ஆய்வுக்கூடத்தில் ஒரு திரை உண்டாம். அதில் இரண்டு பெட்டிகள். இடது தொட்டியில் எத்தனை அணு மிச்சம் இருக்கிறது என்று ஒன்று காட்டும், எத்தனை கிளம்பிப் போனது என்று இன்னொன்று காட்டும். ஆரம்பத்தில் அதற்கான கம்ப்யூட்டர் நிரலை எழுதியது சின்னவன். விளையாட்டாக ஒன்றுக்கு 'இருக்கு' என்றும் இன்னொன்றுக்கு 'போச்சு' என்றும் பேர் வைத்தான். எல்லாருக்கும் பிடித்துப்போய் அதுவே நிலைத்துவிட்டது. "போச்சு எவ்வளவு?" என்று டாக்டர் கேட்பார், யாராவது திரையைப் பார்த்து எண்ணிக்கை சொல்வார்கள். துளை போடாத காலம் அது. இடது தொட்டியிலிருந்து கிளம்பியதெல்லாம் வலது தொட்டிக்குத்தான் போகவேண்டும், வேறு போக்கிடம் இல்லை.

பிறகு துளை போட்டார்கள். போச்சு குறையவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். வாராந்தரக் கூட்டத்தில் துறைத்தலைவர் முதற்கொண்டு உட்கார்ந்திருக்க, சின்னவன் எழுந்து நின்றானாம்.

"அண்ணி, ஒரு சந்தேகம். போச்சுன்னா, போய்ச் சேர்ந்துச்சா? இல்ல, போயே போச்சா?"

டாக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பேர் வெச்சவனே அர்த்தம் கேக்கறான் பாருங்க! இலக்கண வகுப்பு அடுத்த கட்டடத்துல நடக்குது, தம்பி."

அறையே சிரித்தது. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அன்றிலிருந்து அவன் பேர் இலக்கணம். "இலக்கணம், அந்த லென்ஸை எடு." "இலக்கணம், டீ சொல்லிட்டியா?" லேசர் பழுதானால்கூட, எழுவாய் போச்சா பயனிலை போச்சா என்று அவனிடம் கேட்பார்களாம். கேள்வியை மறுபடி எடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. மெதுவாக விலகிவிட்டான்.

"சின்னப் பையன், ரோஷம் ஜாஸ்தி" என்று முடித்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு புது வழக்கம் வந்தது. சின்னவன் அண்ணியிடம் நேராகப் பேசமாட்டான். "அண்ணா, உப்பு அண்ணி பக்கத்துல இருக்கு" என்பான். உப்பு அண்ணியிடமிருந்து அண்ணன் வழியாக வந்து சேரும். டாக்டரும் இதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. புகழில் இருக்கிறவர்களுக்கு உப்பெல்லாம் பெரிய விஷயமா?

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில், ஒரு நடுப்பகலில் நடைவழியில் செருப்புச் சத்தம். அந்நேரத்துக்கு எங்கள் மாடியில் யாரும் வரமாட்டார்கள். கதவைத் திறந்து பார்த்தால் கம்பி டாக்டர். சாவி கதவில், கை சாவியில், ஆனால் திருப்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா."

ஒன்றுமில்லை என்கிற முகம் எனக்குத் தெரியாதா? கன்னம் இரண்டும் யாரோ அறைந்த மாதிரி சிவந்திருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் கணவரும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் சமையலறைக்குப் போனேன். அந்நேரத்தில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லைதான்.

"ஏம்மா, போன்ல அழுதியே, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"இன்னைக்குத் திருப்பி ஓடவிட்டோம். வலது தொட்டியில நிரப்பி, இடது பக்கமா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கட்டியிருக்கோம், எந்தப் பக்கமா ஓடினாலும் ஒரே எண்ணிக்கை வரணும். வரல. பாதிகூட வரல."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் சரியாத்தான் இருக்கு. அந்தப் போச்சுப் பெட்டி எப்பவும் இடது தொட்டியை மட்டும்தான் பாக்குது. முன்னாடி இடதுல இருந்து கிளம்பினதை எண்ணுச்சு. இன்னைக்கு இடதுல வந்து சேர்ந்ததை எண்ணுது. கிளம்பினது நிறைய, சேர்ந்தது கொஞ்சம். நடுவுல துளை போட்டதே நான். துளையில விழுந்ததையும் சேர்த்து, எல்லாம் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சுன்னு ஊருக்கே சொல்லிட்டேன்."

"அப்ப அந்த ஜோடி? சேர்ந்தே போறதால தாக்குப்பிடிக்குதுன்னு சொன்னியே?"

"தாக்குப்பிடிக்கவே இல்ல. ஓட்டம் நல்லாவே குறைஞ்சிருக்கு."

"ஐயையோ. கடையில ஒருத்தர் விடாம அதைத்தானே படிக்க வெச்சிட்டிருக்கேன்!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

"சரி விடு. தப்பு யாருக்கும் வரும். திருத்தம் போட்டுடு."

"போட்டுடுவேன். அது பெரிய விஷயமில்ல. மானம் போனாலும் ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க." குரல் இறங்கிற்று. "சின்னவன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் பொதுமக்களுக்குன்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அதுலயே திருத்தத்தைச் சொல்லச் சொல்லிட்டார் தலைவர். அதுல பொதுவா ஒரு வார்த்தை சேர்த்துடலாம்னு பாக்கறேன். 'எங்களில் சிலர் முன்பே ஐயம் எழுப்பியிருந்தனர்.' அப்படி."

"அந்தச் சிலருக்குப் பேர் இல்லையா?"

"நீங்க வேற குத்தாதீங்க."

"நான் குத்தல. என் தம்பி ஒருத்தன். 'சிலர்' எப்படி ஆனான்னு கேட்டேன்."

பிறகு குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு பாத்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள், மறுப்பது மரியாதையில்லை. மேசையில் நால்வர். டாக்டருக்கு அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எண்ணம், அது முகத்திலேயே எழுதியிருந்தது. கணவர் மனைவியைப் பார்க்கிறார். நான் இருவரையும் பார்க்கிறேன். சின்னவன் தட்டைப் பார்க்கிறான்.

"தம்பி" என்றார் டாக்டர்.

மூன்று தலைகள் நிமிர்ந்தன. நான் மெல்வதை நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வெச்சுக்கோ."

வைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி "தம்பி" என்றார். மறுபடி நாங்கள் நிமிர்ந்தோம். மறுபடி உருளைக்கிழங்கு. படியில் உட்கார்ந்து அவர் சொன்னாரே, வெளிச்சம் பலமாக விழுந்தால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே திரும்பிவிடும் என்று, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பார்வை பலமாகப் பலமாக, சொல்ல வந்த வார்த்தை தொண்டைக்கு வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து போயிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆனால் எப்படி எழுந்து போவது, நீங்களே சொல்லுங்கள்.

"அண்ணா" என்றான் சின்னவன், தட்டில் எழும்பிவிட்ட குன்றைப் பார்த்து. "அண்ணிகிட்ட சொல்லு, நான் ஒருத்தன்தான் சாப்பிடறேன்."

டாக்டர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். தண்ணீர் கொண்டுவரப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

பேச்சு நாளன்று கண்ணாடிக்கடைக்காரரோடு நானும் போனேன். பொதுமக்கள் வரலாம் என்று போட்டிருந்தார்கள், நானும் பொதுமக்கள்தானே. அதற்கு முந்தின நாள் காய்கறிக் கடையில் சின்னவனைப் பார்த்தபோது, "உங்க அண்ணி பேசறாங்களாமே, தெரியுமா?" என்று கேட்டுவைத்திருந்தேன். "பசங்களைக் கூட்டிட்டு வர்றேன்க்கா, பாக்கட்டும்" என்றான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவாக இறங்கும் ஒரு கூடம். முன்வரிசையில் துறைத்தலைவர், அவரை ஒட்டி ஆய்வுக்கூடத்து ஆட்கள். கடைசி வரிசையில் சின்னவனும் அவன் மாணவர்களும். டாக்டர் மேடையேறி மைக்கைச் சரிசெய்து நிமிர்ந்தபோதுதான் அவனைப் பார்த்திருக்க வேண்டும். மூடியே திறக்காத தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துவிட்டு, திரும்பக் கீழே வைத்தார்.

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. இரண்டு தொட்டிப் படம், நடுவில் கம்பிப் படம், ஊசி வெளிச்சம். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். பிறகு திருத்தம் வந்தது. வந்ததும் அவருடைய தமிழே மாறிவிட்டது.

"முன்னர் வெளியிடப்பட்ட முடிவில் பிழை ஒன்று நேர்ந்துள்ளது. இழக்கப்பட்ட அணுக்களும் கடந்து சென்றவையாகக் கருதப்பட்டுவிட்டன. தற்போது இரு தொட்டிகளும் தனித்தனியே எண்ணப்பட்டு, இப்பிழை கண்டறியப்பட்டுள்ளது. துளையினால் ஓட்டம் குறைகிறது என்பது உறுதிசெய்யப்பட்டுள்ளது."

யார் கருதினார்? யார் கண்டறிந்தார்? அந்த வாக்கியங்களில் ஆளே இல்லை. எல்லாரும் நடுவில் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டிருந்தார்கள். 'எங்களில் சிலர்' கூட இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மனைவியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

துறைத்தலைவர் நல்ல மனிதர். டாக்டரின் சங்கடத்தைப் பார்த்துக் கைகொடுக்கத்தான் எழுந்தார். "இந்த மாதிரி நுட்பமான பிழை யார் கண்ணுலயும் படாதும்மா. அத்தனை பேர் இருந்தோமே, யாருமே கவனிக்கலையே. இல்லையா?"

தலையாட்டினால் போதும். அவ்வளவு சுலபமான கேள்வி.

"ஆமாம் சார்" என்றார் டாக்டர். "யாரும் கவனிக்கல."

அடுத்த படத்தைப் போட்டார். ஏதோ கோடுகள், புள்ளிகள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூடம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். அவர் திரும்பவில்லை. கழுத்தும் காதும் சிவந்துகொண்டே போனது என் இருக்கையிலிருந்தே தெரிந்தது. அன்றைக்குக் கதவில் சாவியோடு நின்றபோது பார்த்த சிவப்பு அல்ல, அதைவிட மோசம். அன்றைய சிவப்பு தெரியாமல் செய்த தப்புக்கு. இது அப்படி இல்லை. அது அவருக்கும் தெரிந்தது, கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

படத்தை அணைத்தார்.

"இல்ல சார். நான் இப்ப சொன்னது பொய்."

மேடைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"கவனிச்சாங்க. ஒருத்தன் எழுந்து நின்னு கேட்டான். போச்சுன்னா போய்ச் சேர்ந்துச்சா, இல்ல போயே போச்சான்னு. இவ்வளவு நேரம் இத்தனை படம் போட்டு நான் என்ன சொன்னேனோ, அதை அவன் ஒத்த வரியில அப்பவே கேட்டான். நான் பதில் சொல்லல. இலக்கண வகுப்பு அடுத்த கட்டடத்துலன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க சார். இந்த முன்வரிசை மொத்தமும் சிரிச்சுது. அதோட அவன் வாயை அடைச்சோம். அப்புறம் ஆளையே அனுப்பிட்டோம். இன்னைக்கு, அவனை எதிர்ல வெச்சுக்கிட்டே, யாரும் கவனிக்கலன்னு வேற சொல்றேன்."

துறைத்தலைவர் நின்ற நிலையிலேயே நின்றார். உட்காரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் பின்தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் குனிந்தன.

"அவன் என் வீட்டுக்காரரோட தம்பி. அதோ, கடைசி வரிசையில அவன் பசங்களோட உக்காந்திருக்கான்."

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவன் மாணவர்கள் வாய் பிளந்து அவனைப் பார்த்தார்கள். ஒரு பெண் கைதட்டத் தொடங்கினாள், வேறு யாரும் சேர்ந்துகொள்ளாததால் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். சின்னவன் நிமிரவே இல்லை. நாற்காலிக் கைப்பிடியில் எங்கோ பிளந்திருந்த ரெக்சினை நகத்தால் நிமிண்டிக்கொண்டே இருந்தான்.

பேச்சு எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. வெளியே வந்தால் நடைவழியில் மாணவர்கள் சளசளத்துக்கொண்டு நிற்கிறார்கள், சின்னவன் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். டாக்டர் கும்பலை விலக்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பின்னால் அல்ல, பக்கத்தில்.

"தம்பி."

"நல்லாப் பேசினீங்க அண்ணி." நேராக அவரிடமே பேசினான். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும்.

"அதை விடு. நான் அன்னைக்கு உன்னை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிச் சிரிச்சது..." அதற்கு மேல் அவருக்கு வாக்கியம் வரவில்லை. கையில் பிடித்திருந்த அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினார். "திரும்ப வந்துடேன். உன் இடம் அப்படியேதான் இருக்கு. யாரையும் போடல."

"எனக்குப் பசங்க இருக்காங்க அண்ணி. நல்லாப் போகுது."

"என் மேல கோவம் இருக்குல்ல?"

அவன் யோசித்தான். யோசித்துத்தான் சொன்னான்.

"நீங்க சிரிச்சதுல கோவம் இருந்துச்சு. அது போயிடுச்சு. அன்னைக்கு நானும் உங்களோட சேர்ந்து சிரிச்சேன் பாருங்க, அண்ணி. என் கேள்வி சரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சிரிச்சேன். இலக்கணம்னு கூப்பிட்டப்பவும் 'என்ன சார்'னு பல்லைக் காட்டிக்கிட்டு ஓடினேன். அதை நெனச்சாத்தான் இன்னும் எனக்கு என் மூஞ்சியைக் கண்ணாடியில பாக்கப் பிடிக்கல. அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது."

மாணவர்களில் ஒருத்தி "சார், பஸ் வந்துடுச்சு" என்று கூப்பிட்டாள். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். கும்பல் அவனைச் சூழ்ந்துகொண்டு படியிறங்கியது. "சார், இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினா என்ன சார் ஆகும்?" என்று யாரோ கேட்பதும், அவன் ஏதோ பதில் சொல்வதும் கேட்டது. என்ன பதில் என்று பிடிபடவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். நானாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அவராகவே என் பக்கம் திரும்பினார்.

"அக்கா."

"சொல்லும்மா."

"அவனும் சிரிச்சானாக்கா அன்னைக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இருந்தேனா?

"எல்லார் மூஞ்சியும் ஞாபகம் இருக்கு. யார் யார் எப்படிச் சிரிச்சாங்கன்னு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. அவன் மூஞ்சி மட்டும் ஞாபகம் இல்ல." நாடா விரலில் இறுகி நுனி வெளுத்திருந்தது. "நான் அவன் பக்கம் பாக்கவே இல்லக்கா."

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. நான் முதலில் ஏறி ஓரத்தில் நகர்ந்துகொண்டேன். அவர் நடுவில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் மறு ஓரத்தில் ஏறி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.